சும்மா இருந்த முகம்

முகம் பார்த்துக் காரியம் நடத்தினவள் நான். பீடிக்கடையில் நாங்கள் சுற்றின பீடியைச் சோதிக்கிற செக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற விதத்திலேயே இன்றைக்கு எத்தனை கட்டைக் கழித்து ஒதுக்குவார் என்று சொல்லிவிடுவேன். பெண் கொடுக்கப் போகிற வீட்டில் எந்த மாமியார் சிரித்துக்கொண்டே குத்துவாள், எந்த மாமியார் முறைத்துக்கொண்டே சோறு போடுவாள் என்று தெருப் பெண்கள் என்னைக் கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். சொன்னதில் ஒன்றும் தப்பினதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எழுத்து எனக்குப் பையத்தான் வரும். முகம் அப்படி இல்லை, பார்த்த உடனே படித்துவிடுவேன்.

அந்தப் படிப்பு ஒரு வருஷம் எனக்குத் தப்பாகப் போனது. அதனால் நாற்பது வருஷம் கூட இருந்த ஒருத்தியைக் கைவிடப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெட்கப்பட்டு எழுதவில்லை. எனக்கு வந்தது ஒரு நோய். நோய் வந்ததைச் சொல்ல என்ன வெட்கம்?

அவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரியில்லாமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு அறை இறக்கிக் கொடுத்தோம். அன்றையிலிருந்து நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றினோம். சாயங்காலம் இலையை நனைத்து வைப்போம். காலையில் அவள் கத்தரியால் அளவாக வெட்டிப் போடுவாள். அவளை மாதிரி இலையை வீணாக்காமல் வெட்ட எங்கள் ஊரில் ஆள் கிடையாது. பிறகு இரண்டு பேரும் புகையிலைத் தூள் வைத்துச் சுற்றுவோம், பீடி வாயை மடக்குவோம். இருபத்தைந்து சேர்ந்ததும் அவள் கட்டுவாள். இலையும் தூளும் வாங்கவும் கூலி பதியவும் கம்பெனி கொடுக்கிற அட்டை என் பேரில்தான் இருந்தது. அவளுக்கென்று அட்டை கிடையாது. அவள் சுற்றுகிற பீடியும் என் அட்டையில்தான் போகும். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அட்டைக்காரி மனது வைத்தால்தான் அட்டை இல்லாதவளுக்குத் தொழில்.

என் வீட்டுக்காரர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்குக்கூட நான் அழுது முடித்து, மூன்றாம் மாதம் பீடி சுற்றுகிற முறத்தை, எங்கள் பேச்சில் சுளவை, எடுத்து மடியில் வைத்துவிட்டேன். ஆனால் இந்த நோய் வந்தபோது ஒரு காரணமும் இல்லை. மகனுக்கு டவுனில் பஞ்சர் கடை நன்றாக நடந்தது. மருமகள் முகம் கோணாதவள். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அப்படி இருக்கையில் ஒரு ஆடி மாதம் எழுந்திருக்கவே மனசில்லாமல் போனது. அழுகை வரவில்லை. அழுகை வந்தால் பரவாயில்லையே என்று இருந்தது. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. சுளவை மடியில் வைத்தால் ஒரு கட்டு முடிக்க அரைநாள் ஆனது.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் காரணம் கேட்டார்கள். காரணம் இல்லை என்று சொன்னால் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். திருச்செந்தூர் போய்க் கடலில் முங்கினேன். தெருக்கோடியில் இருக்கிற டீச்சரம்மா தலையில் கைவைத்து ஜெபம் செய்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அவரவருக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்.

அந்த நாட்களில்தான் எல்லார் முகமும் எனக்கு மாறியது. மருமகள் தட்டை வைத்தால் 'கொட்டிக்கோ' என்று வைக்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்தால், இந்தக் கிழவி ஏன் ஏறினாள் என்று பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் மேலாக என் நாத்தனார். நான் சுற்றாததையும் சேர்த்து அவள்தான் சுற்றினாள். இத்தனை கட்டு என்று ஒழுங்காகப் போகாவிட்டால் அட்டையை ரத்து செய்துவிடுவார்கள். என் அட்டை உயிரோடு இருக்க வேண்டும் என்று, வெட்டவும் சுற்றவும் கட்டவும் அவள் ஒருத்தியே முறிந்தாள். ஆனால் ஒவ்வொரு கட்டு முடிகிறபோதும் உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, கண்ணைச் சுருக்கி என்னைப் பார்ப்பாள். 'உனக்கும் சேர்த்து நான் சாக வேண்டியிருக்கு' என்கிற பார்வை அது. நான் முகம் படிக்கிறவள் அல்லவா? நன்றாகப் படித்தேன்.

ஐப்பசியில் மழை பெய்த ஒரு நாள், பீடிக்கடையில் பெண்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, செக்கரைப் பார்த்துச் சொன்னேன். இனிமேல் இவள் பீடி என் அட்டையில் வராது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாத்தனார் சுளவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையோடு நடந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் சீவலப்பேரிப் பக்கம் நடவுக்குப் போனாள். அறுபது வயதுக்கு மேல், முட்டுவலியோடு, சேற்றில் குனிந்து நடுகிற வேலை. பெண்களுக்கு டிக்கெட் கேட்காத டவுன் பஸ்ஸில் விடியக் காலையில் போவாள். திருப்பூரில் இருக்கிற அவள் மகள் பொங்கலுக்கு வந்தவள் அந்த முட்டுக்காலைப் பார்த்துவிட்டு, இங்கே கிடந்து சீரழிய வேண்டாம், வந்துவிடு என்று சொல்லிப் போனாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு ஒரேயடியாகப் போய்விடுகிறாள் என்று மருமகள் என்னிடம் சொன்னாள். போகட்டும் என்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அந்த நோயில் அதுதான் பெரிய கொடுமை.

அதற்கு முன்பே, மார்கழியில், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது மகன். "எம்மா, காய்ச்சல் வந்தா போவல்லா? அது மாதிரிதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். பாளையங்கோட்டையில் மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா. என் மகளாக இருக்கிற வயது. நான் பேசி முடிக்கிற வரை கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார். மாத்திரை கொடுத்து, உடனே கேட்காது, வாரக்கணக்கில் ஆகும், நிறுத்திவிடாதீர்கள் என்றார். நான் நிறுத்தவில்லை. மாசி பிறந்தபோது குழம்பில் உப்பு தெரிந்தது.

அப்போதுதான் அவர் ஒன்று கேட்டார். இந்த மாதிரி மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மூளைக்குள் ஒரு இடமும் இன்னொரு இடமும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறோம், ஸ்கேனுக்குள் படுத்துக்கொண்டு சில முகங்களைப் பார்க்க வேண்டும், வருகிறீர்களா என்றார். முகம் பார்ப்பது என்றதும் நான் சரி என்றேன். அது நான் செய்யாத வேலையா?

ஒரு சின்னப் பெண், டாக்டருக்குப் படிக்கிறவள், நாலு பக்கத் தாளையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்து, இங்கே விரலை வையுங்கள் பாட்டி என்றாள். அம்மா என்று கூப்பிடு, தாளை முழுவதும் வாசி, மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போ, நான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். வாசித்தாள். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஊசி உண்டா? இல்லை. கரண்ட் பிடிக்குமா? பிடிக்காது. நான் நினைப்பது படத்தில் தெரியுமா? தெரியாது அம்மா என்றாள். அது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு, என் பேரை எழுத்துக் கூட்டி, கோட்டுக்கு மேலே நிற்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போட்டது, தேங்காயெண்ணெய் விட்டுத் திருகித்தான் வந்தது. குகை மாதிரி ஒரு மிஷினுக்குள் என்னைத் தள்ளினார்கள். முகத்துக்கு மேல் ஒரு கூடு, அதில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வலது கையில் மூன்று பொத்தான் உள்ள ஒரு சின்னப் பெட்டி. சிரிக்கிற முகம் என்றால் முதல் பொத்தான், கோபம் என்றால் நடுப் பொத்தான், ஒன்றும் இல்லாமல் சும்மா இருக்கிற முகம் என்றால் மூன்றாவது. தலையை ஆட்டக்கூடாது, கையை ஆட்டக்கூடாது. நெல் அரைக்கிற மில்லுக்குள் தலையை விட்ட மாதிரிச் சத்தம். பயமில்லை. நான் படுத்துக்கொண்டு முகங்களைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கையை ஆட்டாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் ஆட்டவில்லை என்றேன். திரும்பவும் சொன்னார்கள். திரும்பவும் ஆட்டவில்லை என்றேன். பிறகு மிஷினை நிறுத்தி என்னை வெளியே இழுத்தார்கள். படம் எல்லாம் கலங்கிவிட்டதாம். அந்தப் படிக்கிற பெண், முதல் பொத்தான் நிற்காமல் அமுங்கியிருக்கிறது, முகம் வராத நேரத்தில்கூட அமுக்கியிருக்கிறார்கள், பெட்டி கெட்டுப் போயிருக்கும் என்று பெட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

மிஷின் ஓட்டுகிறவர் மேலப்பாளையத்துக்காரர், நடுவயது. அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆச்சி, நீங்க பீடி சுத்துதியளோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"பெட்டியில கோளாறு இல்ல டாக்டர். இருபத்தஞ்சு தடவ அமுங்கியிருக்கு, ஒரு நிப்பு. திரும்ப இருபத்தஞ்சு, ஒரு நிப்பு. இவொ கட்டு கட்டுதாவ. எங்க உம்மா கையும் உறக்கத்துல இப்பிடித்தான் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கையைத் தூக்கிப் பார்த்தேன். கார்த்திகைக்கு அப்புறம் நான் சுளவைத் தொட்டதே இல்லை. என்னைக் கேட்காமல் கை தன் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமைதான்.

அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார்கள். வந்தேன். இந்த முறை நானே வழி சொன்னேன். பொத்தான் அமுக்க மூன்று விரல் போதும், கட்டைவிரல் வேண்டாம், அதை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டுங்கள், கட்டைவிரல் இல்லாமல் பீடி உருளாது என்றேன். கட்டுத்துணியால் கட்டினார்கள். படம் சுத்தமாக விழுந்தது என்று மேலப்பாளையத்துக்காரர் வந்து சொன்னார்.

முடிந்ததும் டாக்டரம்மா அறையில் உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாகச் செய்தீர்கள் என்றார். அது எனக்குத் தெரியும், நான் கேட்க வந்தது வேறு. அந்தப் படத்தில் மீசை இல்லாத ஒருவன் திரும்பத் திரும்ப வந்து என்னை முறைத்தான், அவனை எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். எந்த ஆள் என்று கேட்டு, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டினார். இவன்தான் என்றேன்.

டாக்டரம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "இவர் முறைக்கலம்மா. சிரிக்காதீங்க, கோபப்படாதீங்க, சும்மா இருங்கன்னு சொல்லி எடுத்த படம் இது" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் அதே ஆளுடைய இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் அவன் புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அது கோபம். அதற்குப் பக்கத்தில் பார்த்தால் முதல் முகம் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவனுடைய முகம், அவ்வளவுதான். வேறொரு பெண்ணின் சும்மா முகத்தைக் காட்டினார். அவளும் என்னை முறைத்தவள்தான். சும்மா இருக்கிற முகத்துக்கென்று ஒரு பொத்தான் கொடுத்தார்களே, அதை நான் ஒரு தடவைகூட அமுக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளும் அந்த விரல் சும்மா கிடந்தது.

பிறகு அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். ஒரு முகத்தைப் பார்த்தால் மூளைக்குள் ஓரிடம் முதலில் பதறும், ஆபத்தோ என்று சத்தம் போடும். நெற்றிக்குப் பின்னால் இன்னொரு இடம், பொறு, அது ஒன்றுமில்லை என்று அதை அமர்த்தும். இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மனச்சோர்வு வந்தவர்கள் பலருக்கு அந்தப் பேச்சு தளர்ந்துபோகிற மாதிரித் தெரிகிறது, பதறுகிற இடம் மட்டும் பதறிக்கொண்டே இருக்கிறது என்றார். எல்லாருக்கும் அப்படித்தானா என்று இன்னும் முழுசாகத் தெரியாது, உங்கள் ஒரு படத்தை வைத்து உங்களுக்கு இதுதான் என்று சொல்லவும் முடியாது, பலருடைய படத்தைச் சேர்த்து வைத்துத்தான் பார்க்கிறோம் என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார் பாருங்கள், அதனால்தான் அவர் சொன்ன மற்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் நான் என்ன செய்ய என்று கேட்டேன். மாத்திரையை விடாதீர்கள், கொஞ்ச நாளைக்கு முகத்தை மட்டும் நம்பாதீர்கள், வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள் என்றார்.

கேட்பதாவது! முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வக்கில்லாதவர்கள் கேட்பார்கள், நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததிலிருந்து என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தாள். நான் பை வைத்திருந்தது அவளுக்கு இடைஞ்சல் என்று தெளிவாகத் தெரிந்தது. வண்ணார்பேட்டை தாண்டும் வரை பொறுத்தேன். பிறகு, சோதித்துத்தான் பார்ப்போமே என்று, "ஏம்மா, என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லாச்சி, கடவாப்பல்லு வலி. புடுங்கத்தான் போறேன்" என்றாள். பேசவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் பாலத்தின் மேல் போனது. கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பல் வலிக்கிறவளையே பகையாகப் படித்திருக்கிறேன் என்றால் வேறு யார் யாரைப் படித்தேன்? மருமகளை விடுங்கள், அவள் இங்கேயே இருக்கப் போகிறவள், பைய சரி செய்துகொள்ளலாம். பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே நாத்தனார் அறைக்குப் போனேன். வயல் வேலை முடிந்துவிட்டதால் அவள் வீட்டில் இருந்தாள். சேலைகளை மடித்து ஒரு பெரிய பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது. நான் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"ஏட்டி, உனக்கு என் மேல கோவமா?"

அவள் மடித்த சேலையைக் கீழே வைத்தாள். "என்ன மதினி, புதுசாக் கேக்கிய?"

"பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் தப்பாப் போச்சு. அதான் கேக்கேன்."

"ஆமா, கோவந்தான். கடையில வச்சு அத்தன பேரு முன்னால சொன்னியளே, அன்னையிலேருந்து கோவந்தான்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி என்ன கோவம்?"

"கட்டுக்குக் கட்டு என்னய மொறச்சியே. வாயக் கோணிக்கிட்டு."

அவள் என்னையே பார்த்தாள். "கட்டு கட்டயில நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டு இழுக்கேன். வாய் கோணாம என்ன செய்யும்? நாப்பது வருசமா அப்பிடித்தான் கட்டுதேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகத் தெரியும். அந்த வருஷம் மட்டும் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மீசை இல்லாதவன், மூன்றாவது பொத்தான், மூளைக்குள் இரண்டு இடம் பேசிக்கொள்ளாதது, கட்டைவிரலைக் கட்டினது எல்லாம் சொன்னேன். கடையில் நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நான் என் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. 

அவள் உடனே இளகிவிடவில்லை. "இங்கன வச்சு சொன்னா ஆச்சா? எங்க வச்சு அந்தப் பேச்சப் பேசினியளோ, அங்கன வச்சு சொல்லுங்க" என்றாள்.

நியாயம்தான். மறுநாள் காலையில் இரண்டு பேரும் பீடிக்கடைக்குப் போனோம். வரிசையில் அன்றைக்கு இருந்த பெண்களில் முக்கால்வாசிப்பேர் இருந்தார்கள். நான் செக்கர் மேஜை முன்னால் போய் நின்று, ஐப்பசியில் இவளைப் பற்றி இந்த இடத்தில் நான் சொன்னது தப்பு, எனக்கு அப்போது உடம்பு சரியில்லை, ஐப்பசி வரைக்கும் என் அட்டை பிழைத்திருந்ததே இவள் கையால்தான் என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். என்ன உடம்புக்கு என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். மனச்சோர்வு என்று ஒரு நோய், பாளையங்கோட்டையில் பார்க்கிறார்கள், உனக்கும் சோறு மண்ணாகத் தெரிந்தால் போய்ப் பார் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவர்களில் இரண்டு பேர் தனியாக வந்து எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

கார்த்திகையிலிருந்து சும்மா கிடந்த என் அட்டையைச் செக்கர் பழக்கத்துக்காக ரத்து செய்யாமல் வைத்திருந்தார்; எங்கள் இரண்டு பேருக்கும் இலையும் தூளும் நிறுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். முகத்தைப் பார்க்காமலே கேட்டேன்.

"இப்பம் கோவம் போயிட்டா?"

"பாதி போயிருக்கு."

"மீதி?"

"மீதி இருக்கட்டும். முட்டுவலி இருக்கது வரைக்கும் இருக்கும்."

அந்தப் பதில் எனக்குப் போதும். இவ்வளவு கோபம், இதனால் கோபம் என்று அளந்து கையில் கொடுத்துவிட்டாள். அதை வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம். நான் பயந்தது அளவில்லாமல் கிடந்த கோபத்துக்கு, அது அவளிடம் இருந்ததே இல்லை.

வீட்டு வாசலில் சுளவை இறக்கி வைத்துவிட்டு, அவள் இடுப்பிலிருந்து செல்லை எடுத்துத் திருப்பூருக்குப் பேசினாள். என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

"ஏளா, நான் இப்பம் வரல. உங்க அத்தைக்கு மண்டைக்குள்ள வயரு லூசாயிட்டாம். கூட ஒரு ஆளு இருந்து பாத்துக்கிடணுமாம். ஆடிக்கு மேல வாரேன்."

"வயரு இல்ல ஏட்டி, பேச்சு. ரெண்டு எடமும் பேசிக்கிடணும், அது தளந்துட்டுன்னுதான் டாக்டரம்மா சொன்னாவ. சொன்னத ஒழுங்காச் சொல்லு" என்றேன்.

"கேக்குதா ஏளா, இப்பம் நல்லாத்தான் பேசுதாவ" என்று போனுக்குள் சொன்னாள்.